ஃபைன் ஆயிரம், பாக்கி யார் தலையில்?

மூன்று வருடம் மெஷின் டிராயிங் போடுகிற நமக்கு, பாக்கெட்டில் இருக்கிற எல்.எல்.ஆர். எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று யாரும் பாடம் எடுப்பதில்லை. சிப்காட்டில் ஷிஃப்ட் விட்டதும் பைக்குகள் பறக்கிற ஓசூரில் இது அவசியமான பாடம்.

"மாட்டினா ஃபைன் கட்டிட்டு வந்துடலாம் மச்சான்" என்பதுதான் நம்ம பசங்க நினைப்பு. சட்டத்தை மேலாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். கண்மூடித்தனமாக வண்டி ஓட்டினால், முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 279. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 281. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஒருவர் இறந்துவிட்டால் பிரிவு 106 வரும். முன்பு இரண்டு ஆண்டாக இருந்த உச்ச தண்டனை இப்போது ஐந்து ஆண்டு!

லைசென்ஸும் போகும். 2023 செப்டம்பரில் யூடியூபர் டிடிஎஃப் வாசன் காஞ்சிபுரம் அருகே தாமலில் பைக்கோடு விழுந்தது ஞாபகம் இருக்கும். கிருஷ்ணகிரி வழியாக நம்ம ஊருக்கு வருகிற அதே சென்னை–பெங்களூரு ரோடுதான். கைதானார், லைசென்ஸ் பத்து வருடத்துக்கு ரத்து. சர்வீஸ் டெக்னீஷியன் வேலைக்குப் போகிற நமக்குப் பத்து வருடம் வண்டி இல்லையென்றால் சோறு எங்கிருந்து வரும்?

இனி பெரிய கணக்கு. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கணக்குப் போடும் முறையை உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்திருக்கிறது. இறந்தவர் 30 வயது கான்ட்ராக்ட் தொழிலாளி, மாதம் 15,000 சம்பளம், மனைவி, குழந்தை, அம்மா என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. அவர் சொந்தச் செலவு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 14,000. வருடத்துக்கு 1,68,000. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 17. மொத்தம் 28,56,000 ரூபாய்! இது போக ஈமச் செலவு முதலியவை தனி.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல?" என்பீர்கள். இருந்தால் கம்பெனி கட்டும். ஆனால் லைசென்ஸ், எல்.எல்.ஆர். எதுவுமே இல்லாதவனிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபணமானால், கம்பெனி அந்தக் குடும்பத்துக்குக் கட்டிவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கலாம். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பாலிசியே காலாவதி என்றால் கம்பெனி பக்கமே போக முடியாது. ஆர்.சி. புக்கில் உரிமையாளர் யார்? நம்மில் பாதிப் பேருக்கு அப்பாதான். எங்கள் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பாலிசி தேதியைப் பார்த்துச் சொல்கிற வேலை என்னுடையது.

எல்.எல்.ஆர். உள்ளவர்களுக்கு ஒன்று. 'எல்' போர்டு வேண்டும், லைசென்ஸ் உள்ளவர் கூடவே இருக்க வேண்டும். பைக்கில் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர யாரையும் ஏற்றக்கூடாது. பின்னால் நண்பனை வைத்து ஜுஜுவாடி தாண்டுவதெல்லாம் விதிமீறல்தான்.

தாண்டிப் போய் அத்திப்பள்ளியில் இடித்துவிட்டால், கேஸ் கர்நாடக போலீஸில். இழப்பீட்டு மனுவை அந்தக் குடும்பம் தங்கள் ஊரிலேயே போடலாம். கிரிமினல் கேஸுக்கு நாம்தான் அங்கே போயாக வேண்டும். குற்றப்பத்திரிகை கன்னடத்தில் இருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் லீவு, வக்கீல் ஃபீஸ், கூடவே வருகிற அப்பாவின் ஒருநாள் கூலி.