வாட்ஸைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்கலாமா?

அச்சுவேலிச் சனசமூக நிலையம் ஒன்று சொந்தமாக ஒலிபெருக்கி வாங்க யாழ்ப்பாண நகரத்துக்குப் போனால், கடைக்காரர் முதலில் சொல்வது வாட்ஸ் கணக்கைத்தான். 500 பெரிது, 150 சிறிது என்று அங்கேயே தீர்ப்பும் முடிந்துவிடும். ஆனால் அந்த எண் சத்தத்தின் அளவைச் சொல்வதில்லை. ஸ்பீக்கரின் சுருள் எவ்வளவு மின்வலுவைக் கருகாமல் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. சத்தத்தை அறிய உணர்திறனைக் கேட்கவேண்டும்: ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல்? வலுவை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வலு தேவை. உணர்திறன் 90 டெசிபல் உள்ள 500 வாட்ஸ் பெட்டி முழு வலுவில் 117 டெசிபலைத் தொடும். 97 டெசிபல் உள்ள 150 வாட்ஸ் பெட்டியோ 119ஐ நெருங்கும். சிறியது என்று ஒதுக்கியதுதான் உரத்துப் பேசும். கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் கூம்புக் குழாயைப் பாருங்கள்: 30 வாட்ஸிலேயே அடுத்த ஊருக்குக் கேட்கும். அதன் உணர்திறன் 105 டெசிபலையும் தாண்டுவதே காரணம். (தவில் அடியின் கனம் அதில் வராது என்பது வேறு கதை.)

வாட்ஸிலும் பல சாதி உண்டு. ஆர்எம்எஸ் என்றோ தொடர்வலு என்றோ போட்டிருப்பதுதான் நம்பத்தக்கது. மேடை ஸ்பீக்கர்களில் 'புரோகிராம்' என்பது பெரும்பாலும் அதன் இரு மடங்கு, 'பீக்' நான்கு மடங்கு; எனவே 1000 வாட்ஸ் பீக் என்றால் 250 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம்பிஓ என்ற எண்ணுக்கு எந்த நியமமும் இல்லை. நம் வீட்டு 13 அம்பியர் பிளக்கில் 230 வோல்ற்றுக்கு ஏறத்தாழ 3000 வாட்ஸ்தான் எடுக்கலாம். அதில் செருகும் பெட்டி 10,000 வாட்ஸ் என்று எப்படிச் சொல்லமுடியும்? கொள்ளளவிகளில் சேர்ந்த மின்சாரம் கண நேரம் பாய்வதைக் காட்டிச் சமாளிப்பார்கள். பாட்டு கண நேரத்தில் முடிவதில்லையே. பெட்டியின் பின்புறத்தில் எழுதியிருக்கும் மின்நுகர்வைப் பாருங்கள், உண்மை அங்கே இருக்கும்.

வாட்ஸ் கூடினால் எரியாது, அதுவே பாதுகாப்பு என்பார்கள். பாதி சரி. ஆனால் அம்பிளிபயரை அதன் எல்லைக்கு மேல் முறுக்கும்போது அலையின் தலை வெட்டுப்பட்டு, முதலில் கருகுவது உச்சஸ்தாயி தரும் சின்ன ஸ்பீக்கர்தான். உணர்திறன் குறைந்த பெட்டியே அப்படி முறுக்கவைக்கிறது. உணர்திறன் எண்ணையும் கம்பனிக்காரர் கூட்டி எழுதலாமே என்று கேட்டால், எழுதுகிறார்கள்தான். அதனால் ஒரே அம்பிளிபயரில், ஒலியளவுக் குமிழை அசைக்காமல், ஒரே ஓம் அளவுள்ள இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். உரத்துக் கேட்பதற்கே உணர்திறன் அதிகம்.

பாடசாலை மைதானத்து இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு என்றால் தூரத்தையும் கணக்கில் எடுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு மீற்றரில் அளந்ததில் 32 மீற்றரில் 30 டெசிபல் போய்விடும். ஒரு மூலையில் பெரிய பெட்டி ஒன்றை வைப்பதைவிட, உணர்திறன் கூடிய நடுத்தரப் பெட்டிகள் இரண்டைச் சனத்துக்குக் கிட்டப் பிரித்து வைப்பதே நல்லது. தொடர்வலு, உணர்திறன் இரண்டும் எழுதப்படாத பெட்டியை, எத்தனை ஆயிரம் வாட்ஸ் என்று சொன்னாலும், வாங்காதீர்கள்.