தட்டிலே வர்ணங்கள்

கேள்வி: என் குழந்தைகள் வெள்ளைச் சோற்றையும் உருளைக்கிழங்கையும் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறார்களே?
– ஒரு தாய், கரடியூர்

பதில்: ஆரஞ்சும் கொய்யாவும் பேரியும் பலாவும் விளைகிற சேர்வராயன் மலையில் வசிக்கும் தங்களுக்கு வர்ணங்களுக்குப் பஞ்சமில்லை, அம்மணி. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனிகளாவது அவசியம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரங்கிக்காயின் மஞ்சளுக்குக் காரணமான கரோட்டின் கொழுப்பிலே கரையும் சுபாவமுடையதாதலால், அக்காயை வேகவைத்து மசித்து, கேழ்வரகு மாவும் முருங்கைக்கீரையும் சேர்த்துப் பிசைந்து, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, ஓரம் மொறுமொறுவென்று சிவக்கும்படி அடை தட்டிக் கொடுங்கள். பீட்ரூட்டைத் துருவித் தயிரிலே கலக்கும் வேலையைக் குழந்தைகளிடமே ஒப்படையுங்கள். வெண்மை ரோஜா நிறமாக மாறும் அதிசயத்தைத் தங்கள் கையாலேயே நிகழ்த்திய குழந்தைகள், அதை ருசி பார்க்காமல் எழுந்திருப்பது அபூர்வம். கீரையை மட்டும் நறுக்குவதற்கு முன்பே அலம்பிவிடுங்கள். நறுக்கியபின் அலம்பினால் நீரிலே கரையும் ஜீவசத்துக்கள் வீணாகிவிடும்.