பழைய ஜப்பான் மினி டிராக்டர்: எச்.பி.யை கடைசியா பாருங்க

காய்கறித் தோட்டத்துக்கு பழைய யான்மார் வாங்கலாமா, குபோட்டா வாங்கலாமா? 20 எச்.பி. இருக்குன்னு உடனே அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

முதல்ல டேப்பை எடுங்க. இரண்டு பின்சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள அகலம் உங்க பாத்திக்குப் பொருந்தணும். இல்லேன்னா சக்கரம் பாத்தி மேலேயே ஏறி மண்ணை இறுக்கிடும்.

அடுத்து பி.டி.ஓ. சின்ன நெல்வயல்ல ரோட்டவேட்டர் ஓட்டுறதுக்காக, இந்த வண்டிகள் பலவற்றில் பி.டி.ஓ.வுக்குத் தனியா பல கியர் இருக்கும். உங்க கருவி 540 ஆர்.பி.எம்.முக்கானதுன்னா அந்த கியரில்தான் ஓட்டணும். வேகம் 2 மடங்கானா மையவிலக்கு விசை 4 மடங்காகும், பிளேடு தெறிக்கும்.

மணி மீட்டரை நம்பாதீங்க, பெடல் தேய்மானத்தைப் பாருங்க. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க.

இப்ப ஒரு கணக்கு. சக்கர அகலம் 90 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 60 செ.மீ.ன்னு வைப்போம். tan θ = 45/60. அதாவது, நிற்கும்போதே சுமார் 37 டிகிரி சரிவில் பக்கவாட்டில் கவிழும். திரும்பும்போது அதுக்கும் முன்னாடியே. பாத்திக்கு வசதியான அதே குறுகிய அகலம்தான் ஆபத்தும். பழைய மாடல்கள் பலவற்றில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டம் கிடையாது. சட்டமும் சீட் பெல்ட்டும் உள்ள 15 எச்.பி. வண்டி கிடைச்சா, அதையே எடுங்க.