கடன் தீர்க்கும் கணக்கும் குழந்தைகளின் கல்வியும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

தறியில் பாவு ஏற்றுவதற்கு முன் இழைகளை எண்ணிப் பார்க்கிறோம். நிலத்தில் விதைப்பதற்கு முன் விதையை அளந்து பார்க்கிறோம். வீட்டின் மீதுள்ள கடனை மட்டும் எண்ணாமலும் அளக்காமலும் விட்டுவிடுகிறோம். எண்ணினால் மனம் வருந்தும் என்று அஞ்சுகிறோம். ஆனால் எண்ணாத கடனே வளர்கிறது. குறைந்த வருமானத்தில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பழைய கடனையும் தீர்ப்பது இயலுமா என்பதை, தேசூர் போன்ற ஊர்களில் ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பங்களையும் நெல்லும் மணிலாவும் பயிரிடும் குடும்பங்களையும் மனத்திற்கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. கடன்களை வகைப்படுத்துதல்

முதலில் கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து, யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒருவர் வாங்கிய கடன் மற்றவருக்குத் தெரியாமல் இருக்கும் வரையில் எந்தத் திட்டமும் நிலைக்காது. பெயர், அசல், வட்டி, தவணைத் தேதி, ஈடாக வைத்த பொருள் ஆகிய ஐந்தையும் எழுதுக.

எழுதிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் கடன் நான்கு வகையாக இருப்பது புலப்படும். உறவினரிடம் வாங்கிய கைமாற்று ஒன்று. நகையை அடகு வைத்துப் பெற்றது ஒன்று. நூற்றுக்கு மூன்று, ஐந்து, பத்து என்று மாத வட்டிக்கோ, தினத் தண்டலுக்கோ வாங்கியது ஒன்று. நெசவு கொடுக்கும் முதலாளியிடம் பெற்ற முன்பணம் மற்றொன்று.

இவற்றுள் முன்பணத்திற்குப் பெரும்பாலும் வட்டி கேட்பதில்லை. ஆகவே அது தீங்கற்ற கடன் என்று பலரும் எண்ணுகின்றனர். அது வட்டியாக வாங்காததைக் கூலியில் வாங்கிக்கொள்ளக்கூடும். முன்பணம் பெற்றவர் வேறிடத்தில் கூலி உயர்ந்தாலும் போக முடிவதில்லை; கூலி உயர்வு கேட்கவும் நா எழுவதில்லை. ஒரு சேலைக்கு வேறிடத்தில் கிடைக்கும் கூலிக்கும் தமக்குக் கிடைக்கும் கூலிக்கும் உள்ள வேறுபாட்டை ஓராண்டிற்குக் கணக்கிட்டால், அதுவே அம்முன்பணத்தின் உண்மையான வட்டி.

2. வட்டியை ஆண்டுக் கணக்கில் பார்த்தல்

“ஐந்து வட்டி” என்னும் சொல் காதுக்குச் சிறியதாக ஒலிக்கிறது. நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு அறுபது ரூபாய். இருபது மாதத்தில் வட்டியே அசலுக்குச் சமமாகிவிடும்; அசலோ அப்படியே நிற்கும்.

தண்டல் கணக்கு இதனினும் மறைவானது. பத்தாயிரம் ரூபாய் என்று சொல்லி, ஆயிரத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் வசூலிப்பது ஒரு வழக்கம். “நூறு நாளைக்கு ஆயிரம்தானே” என்று தோன்றும். ஆனால் ஒன்பதாயிரமும் நூறு நாள் முழுவதும் நம் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சராசரியாக அதில் ஏறத்தாழப் பாதியே நம்மிடம் இருக்கிறது. முறையாகக் கணக்கிட்டால் இவ்வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேலாகிறது.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலிய கொடுவட்டிகளைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அச்சட்டப்படி கொடுவட்டி வாங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதனை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் வேண்டும்.

3. அதே தொகை, வேறு முடிவு

இப்பாடத்தின் இதயமான கணக்கு இதுவே. ஒரு குடும்பத்திற்கு ஐந்து வட்டியில் 50,000 ரூபாய் கடன் இருப்பதாகக் கொள்வோம். மாத வட்டி 2,500 ரூபாய். தீபாவளியானாலும் மழைக்காலமானாலும் அக்குடும்பம் அத்தொகையை எப்படியோ செலுத்தி வருகிறது. இருபத்து மூன்று மாதங்களில் அது செலுத்திய தொகை 57,500 ரூபாய். இன்னும் தரவேண்டிய அசல் 50,000 ரூபாய். ஒரு காசும் குறையவில்லை.

இப்பொழுது அதே 50,000 ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் கூட்டுறவுச் சங்கத்திடமோ வங்கியிடமோ பெற்று, பழைய கடனை முழுவதும் அடைத்துவிடுவதாகக் கொள்வோம். மாதந்தோறும் செலுத்துவது முன்போல் 2,500 ரூபாயே. முதல் மாதத்தில் 500 ரூபாய் வட்டிக்கும், 2,000 ரூபாய் அசலுக்கும் போகும். மறு மாதம் மீதி 48,000. ஆகவே வட்டி 480, அசலுக்கு 2,020. இவ்வாறு மாதத்திற்கு மாதம் வட்டி தேய, அசல் கரையும். இருபத்து மூன்றாம் மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். மொத்த வட்டி சுமார் 6,070 ரூபாய் மட்டுமே.

குடும்பம் தன் சோற்றிலோ துணியிலோ ஒன்றும் குறைக்கவில்லை. செலுத்தும் தொகையும் மாறவில்லை. ஜூன் மாதத்தில் மகள் எட்டாம் வகுப்பில் சேரும்போது இதனைத் தொடங்கினால், அவள் ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் ஏப்ரல் மாதத்தில் வீடு கடனற்றதாகிவிடும். அதன்பின் அதே 2,500 ரூபாயை அவள் பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் முப்பத்தாறு மாதங்களும் சேமிப்பில் போட்டு வந்தால், வட்டி நீங்கலாகவே 90,000 ரூபாய் சேரும். கடன்காரனுக்குக் கொடுத்துப் பழகிய கை, மகளின் மேற்படிப்புக்குக் கொடுக்கும் கையாகிறது.

ஒரே நேரத்தில் எல்லாக் கடனையும் மாற்ற இயலாதவர்கள், அதிக வட்டியுள்ளதை முதலில் அடைக்க வேண்டும். மற்றவற்றிற்குத் தவணை தவறாத அளவு மட்டும் செலுத்துக. ஒன்று தீர்ந்ததும் அதற்குச் செலுத்திய தொகையை அடுத்ததோடு சேர்த்துக்கொள்க. வட்டியில்லாத கைமாற்றைப் பொறுத்த மட்டில், கொடுத்தவரிடம் நாள் குறித்துச் சொல்லிவிடுவது நாணயம். அவர் வீட்டிலும் தேவை வரும்.

4. குழந்தையின் கை கடனுக்கு ஈடன்று

கோர்வைச் சேலை நெய்யும்போது, நெசவாளருக்குத் துணையாகக் கரைக்கு நாடா வாங்கிப் போட மற்றொருவர் உட்கார வேண்டும். முற்காலத்தில் அவ்விடத்தில் பெரும்பாலும் சிறுவரே உட்கார்ந்தனர். கடன் முற்றிய வீடுகளில், “இவ்வாண்டு மட்டும் தறிக்கு வரட்டும், அடுத்த ஆண்டு பள்ளிக்குப் போகட்டும்” என்று தொடங்கியது அத்துடன் முடிந்ததில்லை. பள்ளியைவிட்டு ஓராண்டு விலகிய பிள்ளை மீண்டும் அவ்வகுப்பில் சென்று அமர்வது எளிதன்று.

இதனைக் கணக்காகவும் பார்க்க வேண்டும். மேற்கூறிய குடும்பம் மகளைத் தறியில் உட்கார வைத்து மாதம் சில நூறு ரூபாய் மிகுதியாகப் பெற்றாலும், அது வட்டிக்கே போய்ச் சேரும். அசல் நின்றபடி நிற்கும். கடனும் தீராது, படிப்பும் போய்விடும். வட்டி விகிதத்தை மாற்றாமல் உழைக்கும் கைகளை மட்டும் பெருக்குவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதற்கு ஒப்பாகும்.

சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, பதினான்கு வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடை செய்தது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலைகளில் பெற்றோருக்கு உதவுவதற்கு அதில் இடமுண்டு. முன்பணத்திற்காகக் கடனாளியையோ அவர் குடும்பத்தாரையோ உழைப்பில் கட்டிப்போடும் முறையை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒழித்தது.

பள்ளியை விடாதிருப்பதே வீட்டுச் செலவிற்கும் துணையாகும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, மதிய உணவு ஆகியவை கிடைக்கின்றன. தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. அச்சீருடைத் துணியை நெய்து தருவதில் நம் போன்ற நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்குண்டு என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

5. வரவின் காலமும் செலவின் காலமும்

நம் வருமானம் மாதச் சம்பளமன்று. சேலை அறுத்துக் கொடுத்தால் கூலி. அறுவடை முடிந்தால் பணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியில் ஈரம் ஏறும், பாவு உலராது, வேலை தடைப்படும். முகூர்த்த மாதங்களிலும் தீபாவளிக்கு முன்னும் நெசவு மிகும். செலவோ தன் காலத்தில் வருகிறது: ஜூனில் பள்ளி திறப்பு, ஆடியில் கோயில் திருவிழா, பின் தீபாவளி, பொங்கல், இடையே காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மொய்.

ஆகவே வீட்டு நோட்டில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, எம்மாதத்தில் வரவு குறையும், எம்மாதத்தில் செலவு மிகும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வேலை மிகுந்த மாதங்களில் ஒரு பகுதியை மழை மாதத் தவணைக்கென ஒதுக்கி வைத்தால், கார்த்திகையில் தண்டல்காரரைத் தேடிப் போக வேண்டியதில்லை. புதுக் கடன் பெரும்பாலும் பிறப்பது இவ்விடத்தில்தான். விசேஷங்களை நம் வரவுக்கேற்ப நடத்துவதில் இழுக்கில்லை. பிள்ளையின் வயிற்றிலும், மருந்திலும், பள்ளியிலும் மட்டும் சிக்கனம் கூடாது.

பயிரிடும் அங்கத்தினர்கள் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் செலுத்துவோர்க்கு வட்டிச் சுமை இல்லை. அதனை அரசு ஏற்கிறது. தேதி தவறினால் அச்சலுகை போய்விடும். ஆகவே மணிலா விற்ற பணத்தில் முதல் பங்கு இதற்கே உரியது.

6. சங்கத்தின் பங்கு

சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் என்பார் 1895 முதல் 1897 வரை அளித்த அறிக்கைகளில், ஜெர்மனியில் ராய்பைசன் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களின் முறையை இங்கும் பின்பற்றுமாறு பரிந்துரைத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது; அவ்வாண்டிலேயே திரூரில் சங்கம் பதிவாயிற்று. நெசவாளருக்கென இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் தலைமைச் சங்கம் 1935-இல் அமைந்தது.

ஆயினும் வட்டிக்கடையின் பிடி எளிதில் தளரவில்லை. 1951-52-இல் நடந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு மூன்றளவே என்றும், லேவாதேவிக்காரர் பங்கு எழுபதளவு என்றும் காட்டியது. அந்நிலை பின்னர் மாறியது. எனினும் அவசரத்திற்குச் சங்கத்தின் வாயிலுக்கு முன் தண்டல்காரர் வாயிலை மிதிக்கும் பழக்கம் முற்றும் மறையவில்லை.

நெசவாளர் முத்ரா கடன் ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வட்டியில் வழங்குவதற்கென ஏற்பட்டது. கூலியிலிருந்து சிறு தொகை பிடித்து, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டமும் கூட்டுறவு நெசவாளர்க்கு உண்டு. இவற்றின் விவரங்களைச் சங்கச் செயலாளரிடம் கேட்டறிவது அங்கத்தினரின் உரிமை. விளக்கிச் சொல்வது அவர் கடமை. ஆனால் ஓர் எச்சரிக்கை. சங்கக் கடனால் பழைய கடனை அடைத்தவர் மீண்டும் தண்டலுக்குச் சென்றால், முன்பு ஒன்றாயிருந்த சுமை இரண்டாகும். அவருக்கு ஜாமீன் நின்ற அங்கத்தினரும் துன்புறுவார்.

கடனைப் பிள்ளைகளின் கையால் தீர்க்க முயன்ற வீட்டில் கடன் பிள்ளைகளுக்கே மிஞ்சுகிறது. கணக்கால் தீர்க்கும் வீட்டில் படிப்பு மிஞ்சும்.

பயிற்சி வினாக்கள்

(அங்கத்தினர் கூட்டத்தில் கலந்து பேசுவதற்கு)

1. மூன்று வட்டியில் 20,000 ரூபாய் வாங்கியவர் ஓராண்டில் வட்டியாக மட்டும் எவ்வளவு செலுத்துவார்?

2. தாங்கள் பெற்ற முன்பணத்தால் சேலைக்கு எவ்வளவு கூலி குறைகிறது? ஆண்டுக்கு எத்தனை சேலை? அதன் வட்டி யாது?

3. தங்கள் வீட்டில் வரவு குறையும் இரு மாதங்கள் எவை? அவற்றிற்கென எம்மாதத்தில் எவ்வளவு ஒதுக்க இயலும்?

4. தங்கள் தெருவில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளை உண்டா? அவ்வீட்டின் கடனை மாற்றிக்கொடுக்கச் சங்கம் செய்யக்கூடியது யாது?