அந்தத் ‘தான்’

தஞ்சோங் பகார்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

மதியம் தஞ்சோங் பகார் பிளாசா உணவங்காடியில் நடந்ததே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மேசைப் பெரியவர் பேச்சுக்குத்தான் கேட்டார்: “எந்த வகுப்பும்மா?” நீ, “உயர்நிலை ஒன்று” என்றாய். அதோடு விட்டிருக்கலாம். “ஜி ஒன்தான்” என்று, இருப்பதிலேயே கீழான பாடநிலையையும் நீயே சேர்த்துச் சொல்லிவிட்டு, மைலோவின் உறிஞ்சுகுழலைக் கடித்துத் தட்டையாக்கினாய். அதை அவர் கேட்கவே இல்லையே!

எனக்கு அந்தத் ‘தான்’ நன்றாகத் தெரியும். 1994-இல் உயர்நிலைப் பள்ளிகளில் கடைசிப் பிரிவாக வழக்கநிலை (தொழில்நுட்பம்) தொடங்கியபோது அதில் உட்கார்ந்த முதல் அணியில் நானும் ஒருவன். முழுப் பெயரை யார் சொன்னார்கள்? ‘நார்மல் டெக்’ என்றார்கள். அதுவும் தேய்ந்து ‘டெக்’ ஆனது. அந்தப் பெயர் வலித்தது என்று எழுதுவேன் என நினைப்பாய். வலித்தது, முதல் இரண்டு மாதம். அப்புறம் சுகமாகிவிட்டது. இந்தச் சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கணக்கு வீட்டுப்பாடம் எங்கே என்று ஆசிரியர் கேட்பார். ஒருவன் எழுந்து, “நாங்க டெக்தானே சார்” என்பான். வகுப்பே சிரிக்கும். அவரும் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பாதி நாள் அந்த ஒருவன் நான்தான். எங்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. முயன்று தோற்கும் அவமானமும் எங்களுக்கு இல்லை. பின்னக் கணக்கில் எனக்கு வராதது எவ்வளவு, நான் தொடாமலே விட்டது எவ்வளவு என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு பெயர் ஆளை என்ன செய்யும் என்று பார்க்க, உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 2004-இல் அதை வெளியிட்டார்கள். மேல்சாதி எனப்படுவோர் வீட்டுப் பையன்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர். காகிதத்தில் அச்சிட்ட புதிர்ப்பாதைக்குள் பென்சிலால் வழி கண்டுபிடிக்க வேண்டும். முடித்ததற்கு ஏற்பக் காசு. சாதியைச் சொல்லாமல் நடத்தியபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமம். வேறு சில குழுக்களில், தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிட்டது. அதே வயது, அதே பென்சில். கூடியது ஒரு சொல்.

(இதை மாறாத விதியாகப் பிடித்துக்கொள்ளாதே. இதே வகையில் மேல்நாட்டில் செய்த சில சோதனைகளைப் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. ஆனால் நான் என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவன்.)

நம் வீட்டில் அந்தத் ‘தான்’ பழையது. உன் கொள்ளுத்தாத்தா இந்தத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எந்த மூட்டை அடியில், எது மேலே, எப்படி அடுக்கினால் கப்பல் சாயாது என்று அவருக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்டால் மட்டும் “கூலிதான்” என்பார். நம் மொழியில் கூலி என்றால் செய்த வேலைக்குத் தரும் பணம். அது கப்பலேறிப் போன இடமெல்லாம் ஆளின் பெயராகிவிட்டது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் குஜராத்தில் வேர் தேடுவோரும் உண்டு, இருக்கட்டும். 1893-இல் தென்னாப்பிரிக்கா போன காந்தி அங்கே ‘கூலி பாரிஸ்டர்’. நம்மவர்களுக்கு அங்கே ‘சாமி’ என்றும் ஒரு பொதுப்பெயர் இருந்தது. ராமசாமி, நாராயணசாமி என்ற பெயர்களின் வாலை மட்டும் வெட்டி எடுத்தது. 2019 ஜூலையில் இங்கே சிங்கப்பூரில் மின்னியல் முறையில் பணம் செலுத்தும் சேவை ஒன்றின் விளம்பரம் வந்தது. சீன நடிகர் ஒருவர் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்தியராக நிற்கிறார். பெயர் அட்டையில் ‘கே. முத்துசாமி’. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார்கள். 126 வருஷம் ஆகியும் சாமி போகவில்லை பார்!

பெயரை மாற்றினால் கொஞ்சம் உதவும். நம் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் சூலியா ஸ்திரீட், 1920களின் தொடக்கம்வரை ‘கிளிங் ஸ்திரீட்’. இந்தியர்களைக் குறித்த அந்தச் சொல் வசையாகிவிட்டதென்று அவர்கள் எதிர்த்தார்கள், மாறியது. 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை எல்லாம் போய்விட்டன. ஜி 1, ஜி 2, ஜி 3 என்பதெல்லாம் பாடத்தின் நிலை. கணக்கை ஒரு நிலையில், மொழியை இன்னொரு நிலையில் படிக்கலாம்; வெவ்வேறு நிலைகளில் படிப்பவர்களும் கலந்த வகுப்பில்தான் இருக்கிறீர்கள். நீ தமிழை ஜி 3-இல் படிக்கிறாய். அதை அந்தப் பெரியவரிடம் ஏன் சொல்லவில்லை?

நானும் யோக்கியன் இல்லை. எங்கள் பட்டறைக்குப் பங்களாதேஷிலிருந்து வந்த ஒருவரை மூன்று மாதம் ‘பங்ளா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கிரேனின் மின்சுற்றுப் படத்தில் நான் தப்பாகப் படித்த ஒரு கோட்டை அவர் விரலால் தொட்டுக் காட்டிய அன்றைக்குத்தான் பெயர் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு அதே மேசைக்கு வா. பின்னக் கணக்கு நோட்டையும் கொண்டுவா. நீ போட்டுக் காட்டு, சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன்; எனக்கு முப்பது வருஷப் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
சித்தப்பா