பழைய பிக்கப் வண்டி அதிர்வது ஏன்?

சந்தைக்கு மூட்டை ஏற்றும் பழைய பிக்கப் வண்டி அதிர்ந்தால் உடனே என்ஜினைப் பிரிக்கக் கூடாது. வீண் செலவு. முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்துப் பார்க்கவும். நிற்கும்போதும் அதிர்ந்தால், என்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் நைந்திருக்கலாம். ஒரு சிலிண்டர் சரிவர வேலை செய்யாமலும் இருக்கலாம்.

ஓடும்போது மட்டும் அதிர்ந்தால், பெரும்பாலும் கோளாறு சக்கரத்திலோ புரொப்பல்லர் ஷாப்டிலோ இருக்கும். ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரங்களைக் கவனிக்கவும். வயலில் இறங்கி வந்த வண்டியில் ரிம்மின் உட்புறம் சேறு அப்பிக் காய்ந்திருந்தாலே சக்கரம் உதறும். இதைக் கழுவாமலே பட்டறைக்கு ஓடுவோர் பலர்! சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, டயர் புடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இருக்கையும் தரையும் அதிர்ந்து, புறப்படும்போது 'டக்' என்ற சத்தமும் கேட்டால், ஷாப்டின் கிராஸ் தேய்ந்திருக்கக்கூடும். சமதரையில் என்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கல் கொடுத்து, ஷாப்டைக் கையால் அசைத்தால் ஆட்டம் தெரியும். ஆட்டம் இருந்தால் பாரம் ஏற்றவே கூடாது. கிராஸ் உடைந்தால் ஓட்டத்திலேயே ஷாப்ட் கழன்று விழும்.

கழற்றுமுன் ஷாப்டிலும் அது பூட்டியுள்ள இடத்திலும் பெயிண்டால் கோடிட்டு, பழைய நிலையிலேயே மாட்டச் சொல்லவும். மாறினால் புதுக் கிராஸ் போட்ட பிறகும் வண்டி அதிரக்கூடும்.