இரைச்சல் யாருடையது?

பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டதும் அதன் இரைச்சலைக் குறை கூறுவது நம் வழக்கம். அவ்விரைச்சல் எங்கே பிறந்தது என்று நாம் ஆராய்வதுண்டா? 1971 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு தட்டைக் கொண்டு இதைக் காண்போம்.

'தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்' என்பது அதன் பெயர். 'கலகம் நடக்கிறது' என்பது பொருள். அளித்தவர்கள் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவினர். கறுப்பரும் வெள்ளையரும், ஆண்களும் பெண்களும் ஒன்றுகூடி வாசித்த குழு அது. பாஸ் கிட்டாரும் டிரம்மும் முன்னின்று நடத்தும் ஃபங்க் இசையை 1969-இல் உவகை பொங்க வழங்கியவர்கள், ஈராண்டுக்குள் சோர்ந்த குரலில் பாடலாயினர். மார்ட்டின் லூதர் கிங் 1968-இல் கொல்லப்பட்டிருந்தார். வியட்நாம் போரும் ஓயவில்லை.

தட்டின் உறையிலே அமெரிக்கக் கொடி. ஆனால் விண்மீன்கள் இருக்க வேண்டிய இடத்தில் கதிரவன்கள்! முதற்பக்கத்தின் இறுதியில், தட்டின் பெயரையே தாங்கிய பாடலுக்குக் குறித்த நேரம் 0 நிமிடம் 0 விநாடி. கலகமே நிகழலாகாது என்று கருதியதால் அவ்வாறு செய்ததாக ஸ்லை ஸ்டோன் பின்னாளில் விளக்கினார்.

இனி இரைச்சலுக்கு வருவோம். தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஆகவே, பள்ளங்களைக் குறுக்கே வெட்டிய கீறல் 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டக்' என்னும். கடிகாரத்தை வைத்துச் சோதிக்கலாம். தூசியோ ஒழுங்கின்றிப் பொரியும், துடைத்தால் குறையும்.

மூன்றாவது ஒன்றுண்டு. எவ்வளவு துடைத்தாலும் போகாத, புதிய பிரதியிலும் கேட்கின்ற மங்கிய சீறல் அது. ஸ்லை பல கருவிகளைத் தாமே வாசித்து, ஒரே நாடாவில் பதிந்தும் அழித்தும் மீண்டும் பதிந்தும் வந்தார். ஓட ஓட நாடாவின் காந்தப் பூச்சுத் தேய்ந்தது, நுண்ணிய உச்ச ஒலிகள் மங்கின, சீறல் மேலெழுந்தது. கூடி வாசித்த குழு குலையத் தொடங்க, டிரம் வாசிப்பவருக்குப் பதிலாகத் தாளப்பொறியைத் துணைக்கொண்டு ஒருவர் தனித்து உழைத்த சுவடே அச்சீறல்.

ஸ்லை ஸ்டோன் 2025-இல் மறைந்தார். அத்தட்டை இன்று கேட்போர் தூசியைத் துடைக்கட்டும்; கீறலைப் பொறுக்கட்டும். நாடாவின் சீறலை மட்டும் வடிகட்ட முனைய வேண்டா. முன்னிரண்டும் பிற்காலம் சேர்த்தவை. பின்னது அக்காலத்தின் சாட்சி. வேண்டாத குறியை நீக்குமுன் அதன் பிறப்பிடத்தை அறிக என்பது ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் பாடமன்றோ? இசை கேட்கும் செவிக்கும் அப்பாடம் பொருந்தும்.